முக்கால் கோடி ரூபாய் கார் 15 லட்சத்துக்கு... பழைய ஜிப்ஸியைக் கொடுத்துவிட்டு வாங்கலாமா?

வண்டி வாங்கும் முன்!

மாருதி ஜிப்ஸி, பழைய தார், பஜேரோ, மேஜர் ஜீப் என்று ஏதாவது ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டியைப் பத்துப் பதினைந்து வருடங்களாக ஓட்டிக்கொண்டிருக்கும் வீடுகளில் ஒரு பேச்சு அடிக்கடி எழுகிறது. "இதைக் கொடுத்துட்டு நல்லதா ஒண்ணு எடுத்துடலாமா?"

செல்போனை எடுத்து செகண்ட் ஹேண்ட் கார் விளம்பரங்களைப் புரட்டினால் ஆசை இன்னும் கூடுகிறது. ஆடி க்யூ7, பென்ஸ் எம்.எல், பி.எம்.டபிள்யூ எக்ஸ்5, ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட். புதிதாக வந்தபோது அரைக் கோடி, முக்கால் கோடி, அதற்கும் மேலே விற்ற கார்கள். பத்து, பன்னிரண்டு வயதானதும் இவற்றில் பல, இன்று ஷோரூமில் நிற்கும் ஒரு நடுத்தர எஸ்.யூ.வி-யின் விலைக்கு இறங்கிவிடுகின்றன. தோல் சீட், சன்ரூஃப், ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின் எல்லாம் அந்த விலைக்குள் வந்துவிடும்.

விலையைப் பார்த்ததும் கை அட்வான்ஸ் கொடுக்கத் துடிக்கும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஏனென்றால், விலை இறங்கியது காருக்கு மட்டும்தான். அதன் உதிரிபாகங்கள் இன்றும் முக்கால் கோடி ரூபாய் காரின் உதிரிபாகங்கள்தான்.

ஆசையில் நியாயம் இருக்கிறது

உதாரணத்துக்கு ஒரு குடும்பம். வீடு பொள்ளாச்சியில், தோட்டம் வால்பாறைப் பக்கம். வாரம் இரண்டு முறை ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி இறங்க வேண்டும். மாதம் ஒரு முறை பெரியவரை கோவையில் டாக்டரிடம் காட்ட வேண்டும். மகள் சென்னையில் படிக்கிறாள். வீட்டில் இருப்பது 2008 மாடல் ஜிப்ஸி.

"ஏங்க, மாமாவை இன்னும் எத்தனை நாளைக்கு அந்தப் பெஞ்ச் சீட்ல உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறது?" என்று மனைவி கேட்டால், கணவரிடம் பதில் இருக்காது. ஜிப்ஸியின் பின்பக்கம் எதிரெதிராக இரண்டு பெஞ்ச். முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங். ரோட்டில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்புக்குத் தகவல் சொல்லிவிட்டுத்தான் போகும். ஏர்பேக் கிடையாது. ஏ.பி.எஸ் கிடையாது. இந்தியாவில் புதிய கார்களுக்கு ஏ.பி.எஸ்-ஸும் டிரைவர் ஏர்பேக்கும் கட்டாயமான 2019-ல்தான் பொதுமக்களுக்கான ஜிப்ஸி விற்பனையும் முடிவுக்கு வந்தது.

சக்தியை ஒப்பிட்டால் வித்தியாசம் இன்னும் பெரிது. ஜிப்ஸியின் 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் தருவது 80 குதிரைசக்தி, 103 நியூட்டன் மீட்டர் இழுவிசை. 2012-ல் வந்த பென்ஸ் எம்.எல் 350 சி.டி.ஐ-யின் மூன்று லிட்டர் டீசல் இன்ஜின் தருவது 258 குதிரைசக்தி, சுமார் 620 நியூட்டன் மீட்டர். எடை இரண்டு மடங்குதான் அதிகம். இழுவிசையோ ஆறு மடங்கு. நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்ட ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டாலே போதும். சென்னை வரை போய் இறங்கினாலும் பெரியவருக்கு இடுப்பு வலிக்காது.

ஆகவே, இந்த ஆசையை வெறும் பந்தா என்று ஒதுக்க முடியாது. குடும்பத்தின் பாதுகாப்பும் வயதானவர்களின் வசதியும் இதில் இருக்கின்றன. ஆனால், ஜிப்ஸி செய்த வேலையை இந்தப் புதுக் கார் செய்யுமா என்பது முதல் கேள்வி. வாங்கிய பிறகு அதை வைத்துக்கொள்ள முடியுமா என்பது இரண்டாவது கேள்வி.

எல்லா ஃபோர் வீலும் ஒன்றல்ல

ஜிப்ஸியில் கியர் லிவருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி லிவர் இருக்கும். அதை '4எல்' நிலைக்குத் தள்ளினால் வண்டி ஆமை வேகத்தில் போகும். ஆனால், சக்கரத்துக்குப் போகும் இழுவிசை அதிகரிக்கும். இதற்குப் பெயர் லோ ரேஞ்ச். செங்குத்தான சேற்றுப் பாதையில் ஏற இது உதவும். இறங்கும்போது இன்னும் முக்கியம். பிரேக்கை மிதிக்காமலே இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தும்.

ஆடி க்யூ7-லும் பி.எம்.டபிள்யூ எக்ஸ்5-லும் லோ ரேஞ்ச் கிடையாது. நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும். சறுக்கும் சக்கரத்தை எலெக்ட்ரானிக்ஸ் தானாக பிரேக் பிடித்துக் கட்டுப்படுத்தும். மழை பெய்த நெடுஞ்சாலைக்கும் மண் ரோட்டுக்கும் இது தாராளம். தினமும் லோடு ஏற்றிக்கொண்டு தோட்டத்துப் பாறைப் பாதையில் ஏறி இறங்குவதற்காக இந்த ஏற்பாடு செய்யப்படவில்லை.

முதல் தலைமுறை ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட், லேண்ட் ரோவர் டிஸ்கவரி, முதல் தலைமுறை போர்ஷே கேயென், ஃபோக்ஸ்வாகன் டூரெக் ஆகியவற்றில் பல வண்டிகளில் லோ ரேஞ்ச் உண்டு. பென்ஸ் எம்.எல்-லில் அது ஆப்ஷனாக வந்தது. எல்லா வண்டியிலும் இருக்காது. ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட்டின் இரண்டாம் தலைமுறையிலும் லோ ரேஞ்ச் உள்ளது, இல்லாதது என இரண்டு வகை உண்டு. விளம்பரத்தில் '4x4' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பக் கூடாது. டேஷ்போர்டில் லோ ரேஞ்ச் பட்டன் இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று நேரில் பார்க்க வேண்டும்.

அடுத்தது அளவு. ஜிப்ஸியின் நீளம் சுமார் 4 மீட்டர், அகலம் 1.54 மீட்டர். முதல் தலைமுறை க்யூ7-ன் நீளம் 5 மீட்டருக்கு மேல், அகலம் கிட்டத்தட்ட 2 மீட்டர். அதாவது, ஏறத்தாழ மூன்றரை அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் கூடுதல். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஜிப்ஸி திரும்பிய இடத்தில் இது திரும்பாது. எதிரே ஒரு பஸ் வந்தால் கொண்டை ஊசி வளைவில் யார் ரிவர்ஸ் எடுப்பது என்ற பேச்சுவார்த்தையும் நீளும்.

டயரையும் மறக்கக் கூடாது. ஜிப்ஸிக்கு 15 இன்ச் சக்கரம். ரப்பர் பக்கவாட்டு உயரம் அதிகம். கல்லில் இடித்தால் டயர் வாங்கிக்கொள்ளும். சொகுசு எஸ்.யூ.வி-களில் 19, 20 இன்ச் அலாய் வீல். அதன்மேல் மெல்லிய பக்கவாட்டு கொண்ட டயர். கூர்மையான கல் பட்டால் பக்கவாட்டில் கிழியும். அதற்குப் பஞ்சர் ஒட்ட முடியாது, டயரையே மாற்ற வேண்டும். பல மாடல்களில் ஸ்டெப்னியும் முழு அளவில் இருக்காது. மலை மேலே இருக்கும் பஞ்சர் கடையில் அந்த அளவு டயரும் கிடைக்காது.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது?

டீசல் செலவைத்தான் எல்லோரும் முதலில் கணக்குப் போடுவார்கள். உண்மையில் அது பெரிய வில்லன் அல்ல. ஜிப்ஸியும் ஒன்றும் மைலேஜ் ராஜா இல்லை. செலவு ஒளிந்திருக்கும் இடங்கள் வேறு.

ஏர் சஸ்பென்ஷன்: பல சொகுசு எஸ்.யூ.வி-களில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் காற்றுப் பைகள்தான் வண்டியைத் தாங்குகின்றன. ஒரு கம்ப்ரஸர் அதற்குக் காற்றை அனுப்பும். ஒவ்வொரு சக்கரத்தின் உயரத்தையும் சென்சார் கவனிக்கும். வருடங்கள் ஆக ஆக ரப்பர் வெடித்துக் காற்று கசியும். கசியும் காற்றை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடும். ஒருநாள் அதுவும் எரிந்துபோகும். காற்றுப் பையை அப்போதே மாற்றியிருந்தால் ஒரு செலவு; தள்ளிப்போட்டால் இரண்டு செலவு.

கியர்பாக்ஸ்: 'ஆயில் மாற்றவே வேண்டாம், ஆயுள் முழுக்க வரும்' என்று சில ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களைப் பற்றிச் சொல்வார்கள். ஆனால், பி.எம்.டபிள்யூ, லேண்ட் ரோவர் போன்ற பல கார்களுக்கு கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்.எஃப் நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. பழைய காரில் அது மாற்றப்பட்டதா என்று பில்லைப் பார்த்தால்தான் தெரியும்.

டீசல் புகை வடிகட்டி: டி.பி.எஃப் உள்ள வண்டிகளில், சேரும் கரியை எரிக்க வண்டி அவ்வப்போது நெடுஞ்சாலையில் தொடர்ச்சியாக ஓட வேண்டும். கடைக்கும் ஸ்கூலுக்கும் மட்டும் போய்வந்த கார் என்றால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். 'டாக்டர் ஓட்டிய கார், கிலோமீட்டர் ரொம்பக் கம்மி' என்பது டீசல் காருக்கு எப்போதும் நல்ல செய்தி அல்ல.

டயர்: எப்போதும் நான்கு சக்கரமும் சுழலும் வண்டியில் தேய்ந்த டயரும் புது டயரும் கலந்து இருந்தால், சக்தியைப் பிரிக்கும் பாகங்களுக்குத் தேவையில்லாத சுமை. அதனால் ஒன்று கிழிந்தாலும் இரண்டோ நான்கோ சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

கூலி: ஜிப்ஸியின் பானெட்டைத் திறந்தால் தரை தெரியும். எந்த ஊர் மெக்கானிக்கும் கை விட்டு வேலை பார்க்கலாம். சொகுசு காரில் ஒரு சின்ன ஆயில் கசிவை நிறுத்தவே இன்ஜினின் மேல்பாதியைக் கழற்ற வேண்டியிருக்கும். சீல் சில நூறு ரூபாய்தான், அதை அடைவதற்கான கூலி பல ஆயிரம்.

இதையெல்லாம் அறிந்த மெக்கானிக் கோவையில் ஒருவரைக் கேட்டால் ஒரே வரியில் முடித்துவிடுவார்: "ஏனுங்ணா, வாங்கற காசு வேற, வெச்சுக்கற காசு வேற."

கணக்கு இப்படிப் போடலாம்

கையில் 15 லட்சம் இருந்தால் 15 லட்சத்துக்கு கார் பார்க்கக் கூடாது. குறைந்தது நான்கில் ஒரு பங்கை முதல் வருடப் பராமரிப்புக்கு எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்குத்தான் கார் தேட வேண்டும். 15 லட்சம் என்றால் சுமார் 11 லட்சத்துக்கு கார், 4 லட்சம் கையிருப்பு.

4 லட்சம் அதிகம் போலத் தெரியும். நான்கு டயர், பிரேக் டிஸ்க்குகள், ஒரு ஜோடி காற்றுப் பை, கியர்பாக்ஸ் ஆயில், ஒரு பெரிய பேட்டரி என்று எழுதிப் பார்த்து, சம்பந்தப்பட்ட மாடலுக்கான விலையை ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் விசாரித்தால் போதும், ஏன் அந்தத் தொகை என்பது புரிந்துவிடும். முதல் வருடத்தில் எதுவுமே கெடவில்லையென்றால் சந்தோஷம். பணம் அடுத்த வருடத்துக்கு இருக்கும்.

கடன் வாங்கி வாங்கலாமே என்றால், அங்கும் ஒரு முட்டுக்கட்டை. கடன் முடியும்போது காரின் வயது இவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று பல வங்கிகள் வரம்பு வைத்திருக்கின்றன. பத்து வயதைத் தாண்டிய காருக்கு கார் லோன் கிடைப்பது கஷ்டம். ஆகவே, பெரும்பாலும் சேமிப்பிலிருந்துதான் முழுத் தொகையும் போகும். மகளின் படிப்புக்கோ பெரியவரின் ஆபரேஷனுக்கோ வைத்திருக்கும் பணம் அதில் கலந்திருந்தால், அந்தக் காரை வாங்காமல் இருப்பதே நல்லது. ஏர் சஸ்பென்ஷனும் ஆஸ்பத்திரிச் செலவும் ஒரே மாதத்தில் வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால், அது விபத்துக்கும் திருட்டுக்கும் வெள்ளத்துக்கும்தான். தேய்மானத்தால் கெட்டுப்போகும் பாகத்துக்கும், மெக்கானிக்கல் கோளாறுக்கும் சாதாரண மோட்டார் பாலிசி பணம் தராது. காற்றுப் பை வயதாகிக் கசிந்தால் அது உரிமையாளர் செலவு.

விபத்து க்ளெய்மிலும் ஒரு கழிவு உண்டு. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்கு 50 சதவிகிதம் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். பத்து வயதைத் தாண்டிய காரில் உலோக பாகங்களுக்கும் கழிவு பாதி வரை போகும். இதைத் தவிர்க்க உதவும் 'ஜீரோ டெப்ரிசியேஷன்' பாலிசியை வயதான கார்களுக்குப் பல நிறுவனங்கள் தருவதில்லை. ஒரு பம்பரும் ஹெட்லைட்டும் உடைந்தால் கையிலிருந்து போகும் தொகையை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

வெள்ளத்தில் மாட்டிய காரை ஸ்டார்ட் செய்து, தண்ணீர் உள்ளே போய் இன்ஜின் கெட்டால், அதற்கும் 'இன்ஜின் புரொடெக்‌ஷன்' என்ற தனி இணைப்பு இருந்தால்தான் க்ளெய்ம் கிடைக்கும்.

பார்க்கப் போகும்போது...

காரைப் பிடித்துவிட்டது என்றால், பணம் கொடுப்பதற்கு முன் இந்தச் சோதனைகளைச் செய்ய வேண்டும்.

1. ராத்திரி சோதனை: முந்தைய நாள் மாலை வண்டியைச் சமதளத்தில் நிறுத்தச் சொல்லி, ஒவ்வொரு சக்கரத்தின் மேல் வளைவும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்து எழுத வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்யாமல் மறுபடி அளக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் நன்றாக இறங்கியிருந்தால் அங்கே காற்று கசிகிறது.

2. குளிர்ந்த இன்ஜின்: 'நீங்க வர்றீங்கன்னு ஸ்டார்ட் பண்ணி வெச்சேன் சார்' என்றால் அன்று திரும்பிவிட்டு இன்னொரு நாள் வரலாம். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது வரும் சத்தமும் புகையும்தான் உண்மையைச் சொல்லும்.

3. ஸ்கேன்: அந்த பிராண்டுக்கான ஸ்கேனரை வைத்து எல்லா கம்ப்யூட்டர்களையும் படிக்க வேண்டும். பழைய கோளாறுகளை அன்று காலையிலேயே அழித்துவிட்டு நிறுத்தியிருப்பார்கள். அப்படி அழித்திருந்தால் புகைக் கட்டுப்பாடு தொடர்பான சுய பரிசோதனைகள் 'இன்னும் முடியவில்லை' என்று ஸ்கேனரில் காட்டும். சில கார்களில் ஓடிய கிலோமீட்டர் ஒன்றுக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் பதிவாகியிருக்கும். மீட்டரில் இருப்பதும் அங்கே இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம்.

4. லிஃப்ட்: காரை மேலே தூக்கி அடியில் பார்க்க வேண்டும். ஆயில் கசிவு, துரு, வெல்டிங் அடையாளம், கல்லில் அடிபட்ட தழும்பு எல்லாம் அங்கேதான் இருக்கும்.

5. வெள்ளம் பார்த்த காரா: 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் சேற்றுக் கறை தெரியலாம். சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் வண்டல், பூஞ்சை வாசனை எல்லாமே எச்சரிக்கை. ஜிப்ஸி நனைந்தால் துடைத்துக் காயவைத்து ஓட்டலாம். சொகுசு காரில் சீட்டுக்கு அடியிலும் கார்ப்பெட்டுக்கு அடியிலும் எலெக்ட்ரானிக் பெட்டிகள் இருக்கும். அவை நனைந்தால் ஒவ்வொன்றாக, மாதக்கணக்கில் தொல்லை தரும்.

6. டயரின் வயது: பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். '2319' என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரித்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழவனாகியிருக்கும்.

7. இரண்டு சாவி: ஒன்றுதான் இருக்கிறது என்றால், இன்னொன்று செய்ய எவ்வளவு ஆகும் என்று சர்வீஸ் சென்டரில் கேட்டு அதை விலையில் கழிக்கச் சொல்ல வேண்டும்.

இதற்காக நம்பகமான வொர்க்‌ஷாப்பில் சில ஆயிரம் ரூபாய் கொடுப்பது செலவு அல்ல. சோதனைக்கு விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால், அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

'டெல்லி வண்டி' ஏன் மலிவு?

விளம்பரங்களில் மிகக் குறைந்த விலையில் இருக்கும் கார்களின் நம்பர் பிளேட்டைப் பார்த்தால், பலவும் டெல்லி, ஹரியானா பதிவாக இருக்கும். காற்று மாசு காரணமாக டெல்லி தலைநகர்ப் பகுதியில் பத்து வயதைத் தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதன் பிறகு நடைமுறையில் மாற்றங்கள் வந்தாலும், பத்து வயதை நெருங்கும் டீசல் கார் என்றாலே அங்கே விலை சரிவது பழகிவிட்டது.

வண்டி நன்றாக இருக்கலாம். ஆனால், அந்த விலையோடு இன்னும் சிலவற்றைக் கூட்ட வேண்டும். வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ-விடமிருந்து என்.ஓ.சி வேண்டும். இங்கே சாலை வரி கட்ட வேண்டும். காரின் அசல் விலையும் வயதும் அந்தக் கணக்கில் வரும் என்பதால், முக்கால் கோடி ரூபாய் காருக்கு வரியே லட்சங்களில் போகலாம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், ஆர்.சி நகலோடு உள்ளூர் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் வரி எவ்வளவு என்று கேட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

எந்த ஊர் வண்டியாக இருந்தாலும், வாகன் தளத்திலோ எம்-பரிவாஹன் ஆப்பிலோ நம்பரைப் போட்டு, கடன் பாக்கி இருக்கிறதா, சலான் நிலுவை எவ்வளவு, எத்தனையாவது உரிமையாளர் என்று பார்க்க வேண்டும். பதிவு 15 வருடத்துக்குத்தான். 12 வயதுக் காரை வாங்கினால் மூன்றே வருடத்தில் எஃப்.சி-க்குப் போய் நிற்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் சாதாரண காருக்கு 5,000 ரூபாய், இறக்குமதி செய்த காருக்கு 40,000 ரூபாய்.

விலை இறங்காத வண்டியும் உண்டு

ஒரே வயதுள்ள ஆடி க்யூ7-ஐயும் டொயோட்டா லேண்ட் குரூஸரையும் பக்கத்தில் வைத்தால், செகண்ட் ஹேண்ட் சந்தையில் லேண்ட் குரூஸர் பல மடங்கு விலை சொல்லும். பிராடோவும் ஃபார்ச்சூனரும் அப்படித்தான். இவற்றின் ஃபோர் வீல் டிரைவ் மாடல்களில் லோ ரேஞ்ச் உண்டு. உறுதியான சேஸிஸ். கிலோமீட்டர் அதிகம் ஓடியிருந்தாலும் யாரும் பயப்படுவதில்லை.

ஒரு கார் பத்து வருடத்தில் முக்கால் கோடியிலிருந்து 15 லட்சத்துக்கு இறங்கினால், அதற்குக் காரணம் இருக்கிறது. அடுத்த பத்து வருடத்துக்கு வரப்போகும் செலவைச் சந்தை முன்கூட்டியே விலையில் கழித்துவிட்டது. இறங்காத வண்டியில் அந்தச் செலவு குறைவு என்று சந்தை நம்புகிறது. முதலில் அதிகம் கொடுப்பதா, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதா என்பதுதான் வாங்குபவரின் முன்னால் இருக்கும் தேர்வு. இலவசம் எதிலும் இல்லை.

எந்தக் குடும்பத்துக்கு எது?

தோட்டப் பாதையே கிடையாது, எப்போதாவது மண் ரோடு, மற்றபடி நெடுஞ்சாலை. பக்கத்து நகரத்தில் அந்த பிராண்டுக்கு நல்ல தனியார் வொர்க்‌ஷாப் இருக்கிறது. கையிருப்பு தனியாக இருக்கிறது. வீட்டில் இன்னொரு வண்டியும் இருக்கிறது. இந்த நான்கும் பொருந்தினால் பழைய சொகுசு எஸ்.யூ.வி-யைத் தைரியமாக வாங்கலாம். கொடுத்த பணத்துக்கு அதுபோன்ற பயணமும் பாதுகாப்பும் வேறு எதிலும் கிடைக்காது.

வீட்டில் ஒரே வண்டிதான், அதுவும் தினமும் ஓடியாக வேண்டும் என்றால் யோசிக்க வேண்டும். ஒரு உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை வண்டி ஷெட்டில் நிற்கும், குடும்பம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்.

அந்தப் பொள்ளாச்சிக் குடும்பத்துக்கு வேலை இரண்டு விதமானது. தோட்டத்துக்கு ஒன்று, பெரியவருக்கும் நெடுஞ்சாலைக்கும் ஒன்று. ஒரே காரில் இரண்டையும் முடிக்க நினைத்தால், 20 இன்ச் டயர் பாறையில் கிழியும். அவர்களுக்கு ஜிப்ஸியைத் தோட்டத்துக்கென்று வைத்துக்கொண்டு, இன்னும் குறைந்த விலையில், வயது குறைந்த, ஏர்பேக்குகள் உள்ள ஒரு காரைக் குடும்பத்துக்கு எடுப்பது பொருத்தமாக இருக்கும். ஆறு சிலிண்டர் சுகம் கிடைக்காது. ஆனால், பெரியவர் பெஞ்ச் சீட்டிலிருந்து இறங்கிவிடுவார், சேமிப்பும் மிஞ்சும்.

ஜிப்ஸியை விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் அவசரப்பட வேண்டாம். உற்பத்தி நின்றுவிட்ட வண்டி என்பதால் தோட்டக்காரர்களிடமும் ஆஃப்ரோடு பிரியர்களிடமும் நல்ல ஜிப்ஸிக்கு மதிப்பு இருக்கிறது. புது வண்டி எடுக்கும் இடத்தில் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுவதைவிட நேரடியாக விற்றால் கூடுதல் விலை கிடைக்கலாம். எஃப்.சி-யும் இன்ஷூரன்ஸும் நடப்பில் இருந்தால் பேரம் பேச வசதி. விற்றதும் ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதோடு நிற்காமல், ஆர்.சி புதியவர் பெயருக்கு மாறிவிட்டதா என்று ஆன்லைனில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், நோட்டீஸ் பழைய முகவரிக்குத்தான் வரும்.